பெரிய புல்டோசர் வளர்ந்தது எஞ்சினாலா, செயினாலா?

#1 மண்கரை

புல்டோசரைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் குதிரைத்திறனில்தான் போய் நிற்கிறார்கள். கேட்டர்பில்லர் நிறுவனத்தின் டி9 இத்தனை, டி11 இத்தனை, ஜப்பானின் கோமாட்சு இத்தனை என்று எண்களை அடுக்குகிறார்கள். எனக்கு இதில் நெடுநாளாக மனக்குறை உண்டு. பெரிய புல்டோசரின் நூறாண்டுக் கதையைக் கூர்ந்து பார்த்தால், வலுவை உண்டாக்குவது பெரும்பாலும் சிக்கலாக இருந்ததில்லை. அந்த வலுவை மண்ணில் இறக்குவதுதான் ஒவ்வொரு முறையும் வழி மறித்திருக்கிறது. சக்கரத்துக்குப் பதிலாகத் தரையில் படிந்து ஓடும் செயினிலும், அதைத் தாங்கும் அடிப்பாகத்திலும் ஒரு முடிச்சு அவிழ்ந்தபோதெல்லாம் வண்டி ஒரு படி வளர்ந்தது என்பது என் கட்சி.

தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் நகரை ஒட்டிய கழிமுக நிலம், நாணல் மட்கிப் படிந்த கருமண். நல்ல விளைச்சல் தரும். ஆனால் குதிரையின் குளம்பே புதையும். பெஞ்சமின் ஹோல்ட் செய்த நீராவி டிராக்டர்களுக்கு வலுவில் குறையே இல்லை. அவை நின்ற இடத்தில் அமிழ்ந்தன. சக்கரத்தை அகலப்படுத்தினார், இன்னும் அகலப்படுத்தினார். ஒரு வண்டியின் மொத்த அகலம் 46 அடிக்கே போய்விட்டது. அதை ஓட்டித் திருப்ப வயலில் இடம் வேண்டாமா? கடைசியில் 1904 நவம்பர் 24 அன்று ராபர்ட்ஸ் தீவில், பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு மரச்சட்டங்கள் கோத்த செயினைப் பூட்டி ஓட்டிப் பார்த்தார். வண்டி புதையாமல் உழுதது. எஞ்சின் பழைய எஞ்சின்தான்.

பிளேடு பிறகு வந்தது. 1923இல் கன்சாஸ் மாநிலத்தின் மோரோவில் என்ற சிற்றூரில், ஜேம்ஸ் கம்மிங்ஸ் என்ற விவசாயியும் ஏர்ல் மெக்லியோட் என்ற வரைவாளரும் பழைய இரும்புச் சாமான்களைக் கொண்டு ஒரு தள்ளுபலகை செய்து டிராக்டரின் முன்னால் மாட்டினார்கள். எண்ணெய்க் குழாய் பதித்த பள்ளங்களை மூடுவதற்காக. 1925இல் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டில்தான் ஹோல்ட் நிறுவனமும் பெஸ்ட் நிறுவனமும் இணைந்து கேட்டர்பில்லர் ஆயின. பிளேடும் செயினும் சேர்ந்துவிட்ட பிறகு, அளவு மட்டும்தான் பாக்கி.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 பழைய_ஏடு

நல்ல இழை. ஆனால் செயின் கதையை ஸ்டாக்டனில் தொடங்குவது மற்றவர்களுக்கு அநீதி. மெயின் மாநிலத்து ஆல்வின் லொம்பார்ட் 1901லேயே காப்புரிமை பெற்று, பனிக்காட்டில் மரக்கட்டை இழுக்கச் செயின் பூட்டிய நீராவி வண்டியை ஓட்டிவிட்டார். ஹோல்ட் அதை விளைநிலத்துக்குக் கொண்டுவந்து வணிகமாக்கினார் என்று சொன்னால் இருவருக்கும் உரியது போய்ச்சேரும்.

இன்னொன்று. எஞ்சின் சிக்கலாக இருந்ததே இல்லை என்ற தொனியை நான் ஏற்க மாட்டேன். 1931இல் கேட்டர்பில்லர் டீசல் டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவராதிருந்தால் பெரிய வண்டி என்ற பேச்சே எழுந்திருக்காது. பெட்ரோல் எஞ்சினில் நாள் முழுவதும் மண் தள்ளினால் எரிபொருள் செலவிலேயே ஒப்பந்ததாரர் நொடித்துப்போவார். அந்தக் காலத்து டீசலை உயிர்ப்பிப்பதே ஒரு வேலை. பக்கத்தில் இரண்டு சிலிண்டர் கொண்ட சின்னப் பெட்ரோல் எஞ்சின் இருக்கும். முதலில் அதை ஓடவிட வேண்டும், அது சூடேறிய பிறகு கிளட்சைச் சேர்த்துப் பெரிய டீசலைச் சுற்றவிட வேண்டும். இவ்வளவு தொல்லையையும் பொறுத்துக்கொண்டு மக்கள் டீசலுக்கு மாறினார்கள் என்றால் அதில் அவ்வளவு ஆதாயம் இருந்தது.

#3 தங்கவயல்_ஃபிட்டர்

நான் கோலார் தங்கவயலில் வளர்ந்தவன். எங்கள் ஊரில் தங்கச் சுரங்கம் ஒரு தலைமுறைக்குச் சோறு போட்டது என்றால், 1964இல் தொடங்கிய பிஇஎம்எல் என்ற பொதுத்துறை இயந்திர நிறுவனம் அடுத்த தலைமுறைக்குப் போட்டது. கோமாட்சு தொழில்நுட்பத்தில் டி155, டி355 எல்லாம் அங்கே உருவாகி நாடு முழுவதும் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போயின. வடிவமைப்பு ஜப்பானுடையது, அதற்கு உருக்கொடுத்த கைகளில் தமிழ்க் கைகள் ஏராளம். நான் வேலை பார்த்தது சுரங்கப் பட்டறைகளில்.

மண்கரை சொல்வது பட்டறைக்காரனுக்குத் தெரிந்த உண்மை. டோசரின் பராமரிப்புச் செலவில் ஏறத்தாழப் பாதி அடிப்பாகத்துக்குப் போகிறது. எஞ்சினை ஒழுங்காக வைத்துக்கொண்டால் அது தன்பாட்டுக்கு ஓடும். செயின் அப்படி இல்லை. வண்டி நகரும் ஒவ்வொரு நொடியும் தேய்கிறது.

எப்படித் தேய்கிறது என்று சொல்கிறேன். செயினின் ஒவ்வொரு இணைப்பிலும் பின் என்ற ஓர் இரும்புத் தண்டு, அதைச் சுற்றி புஷ் என்ற குழாய். செயினைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல் அந்தப் புஷ்ஷைத்தான் பிடித்து இழுக்கும். முன்னே போகும்போது ஒரு பக்கம் தேயும், பின்னே வரும்போது மறுபக்கம். பின்னே வரும்போது தேய்மானம் கூடுதல். அதிலும் வேகமாகப் பின்வாங்கினால் இன்னும் கூடுதல். பாதி தேய்ந்த நிலையில் செயினைக் கழற்றி, பிரஸ்ஸில் வைத்துப் பின்னையும் புஷ்ஷையும் தள்ளி எடுத்து, அரைச்சுற்றுத் திருப்பிப் பூட்டினால் தேயாத பக்கம் வேலைக்கு வரும். ‘செயின் திருப்புவது’ என்போம். பழைய உலர் செயினில் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே மணல் புகுந்து உள்ளேயும் அரைக்கும். 1970களில் உள்ளே எண்ணெய் அடைத்து இருபுறமும் சீல் போட்ட செயின் வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பழைய செயினுக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் அது வராமல் இன்றைய பெரிய வண்டிகளை எந்தச் சுரங்கமும் வாங்கியிருக்காது, கணக்குக் கட்டுப்படியாகாது.

#4 பயிற்சி_ஆபரேட்டர்

வணக்கம். நான் டோசர் ஓட்டப் பயிற்சி பெறுகிறேன். ஓர் ஐயம். இந்த வண்டிகள் வேளாண் டிராக்டரிலிருந்து வந்தவை என்றால், சாலைக்கும் அணைக்கும் எப்போது தாவின? எங்கள் பயிற்சிப் புத்தகத்தில் ஒரே வரியில் ‘இரண்டாம் உலகப்போரில்’ என்று முடித்துவிட்டார்கள்.

#5 பழைய_ஏடு

தம்பி, அந்த ஒரு வரிக்குள் ஒரு பெருங்கதை இருக்கிறது. போருக்கு முன்பே ஹூவர் அணை போன்ற பணிகளில் டோசர்கள் இருந்தன. ஆனால் அந்த இயந்திரம் இல்லாமல் இனி எதுவும் நடக்காது என்று உலகுக்குத் தெரிந்தது போரில்தான். பசிபிக்கில் போரிட்ட அமெரிக்க அட்மிரல் ஹால்சி, அந்தப் போரை வென்றுதந்த கருவிகளாக நீர்மூழ்கி, ராடார், விமானம் ஆகியவற்றோடு புல்டோசரையும் சேர்த்துச் சொன்னார். தீவைக் கைப்பற்றினால் போதாது. பவளப்பாறையைச் சமன்செய்து சில நாட்களில் ஓடுதளம் போட வேண்டும். அதைச் செய்தது டி7, டி8 வண்டிகளும் அவற்றை ஓட்டிய கடற்படைக் கட்டுமானப் பிரிவினரும்.

எனக்கு நெருக்கமானது, அமெரிக்கப் படை கனடா வழியாகப் போட்ட அலாஸ்கா நெடுஞ்சாலை. 1942 மார்ச்சில் தொடங்கி அக்டோபர் முடிவதற்குள் 2,400 கிலோமீட்டருக்கு மேல் காட்டை வெட்டி வழி திறந்தார்கள். டோசரின் பிளேடை உயர்த்தி மரத்தின் மேல்பகுதியில் வைத்து அழுத்தினால் வேரோடு சாயும். பின்னால் வரும் வண்டி அதை ஓரம் ஒதுக்கும். அதற்குப் பின்னால் வருவது தரையைச் சீர்செய்யும். இப்படியே வரிசையாகப் போனார்கள். வேலை செய்த படைவீரர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பினத்தவர். நல்ல இயந்திரங்கள் வெள்ளையர் பிரிவுகளுக்கு முதலில் போக, கறுப்பினப் பிரிவுகள் பல இடங்களில் மண்வெட்டியோடு நிறுத்தப்பட்டன. ஆனாலும் இரு திசைகளிலிருந்தும் வந்த பாதைகள் அக்டோபரில் பீவர் கிரீக் அருகே சந்தித்தபோது, எதிரெதிரே மரங்களைச் சாய்த்துக்கொண்டு வந்த இரண்டு டோசர்களில் ஒன்றை ஓட்டியவர் ரிஃபைன்ஸ் சிம்ஸ் என்ற கறுப்பினக் கார்ப்பரல். மற்றதில் இருந்தவர் ஆல்ஃபிரட் யாலுஃப்கா என்ற வெள்ளையர். சாலையின் பெருமையைப் பேசும்போது சிம்ஸின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அங்கே நடந்த இன்னொரு பாடம் மண் வேலைக்காரர் அனைவருக்கும் உரியது. வடக்கே நிலத்தடி ஆண்டு முழுவதும் உறைந்திருக்கும். மேலே இருக்கும் பாசிப்படலம்தான் அந்த உறைபனிக்குப் போர்வை. வழக்கம்போல டோசரால் மேல்மண்ணை வழித்தார்கள். வெயில் பட்டது, உறைந்த நிலம் உருகிக் குழம்பாயிற்று, வழித்த டோசரே அதில் மூழ்கிற்று. பிறகுதான் பாசியைத் தொடாமல், அதன்மேல் மரக்கட்டைகளைப் பரப்பி மண் கொட்டி மேடாக்கிச் சாலை போட்டார்கள். எங்கே வழிக்கக் கூடாது என்பதும் இந்தத் தொழிலில் ஓர் அறிவு.

#6 குழாய்வெட்டு

எல்லோரும் செயினையே கொண்டாடுகிறீர்கள். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக்கை மறந்துவிட்டீர்கள்.

போர்க்காலத்து டோசர்களில் பெரும்பாலானவற்றின் பிளேடைத் தூக்கியது கம்பிவடம். ஆர். ஜி. லெட்டூர்னோ 1920களின் இறுதியில் செய்த முறை: வண்டியின் பின்னால் ஒரு வின்ச், அங்கிருந்து வடம் கப்பிகள் வழியாக முன்னே போய்ப் பிளேடைத் தூக்கும். தூக்கத்தான் முடியும். இறக்கும்போது பிளேடு தன் எடையில் விழுந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. கெட்டித் தரையில் அது மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். ஹைட்ராலிக் சிலிண்டர் பிளேடைக் கீழே அழுத்தியது. வண்டியின் முன்பகுதி எடை முழுவதும் பிளேடின் வெட்டு முனைக்கு வந்தது. பழைய ஆட்கள் வடத்தைத்தான் நம்பினார்கள். வடம் அறுந்தால் களத்திலேயே மாற்றிவிடலாம், ஹோஸ் வெடித்தால் எண்ணெய் முழுவதும் போய்விடும் என்றார்கள். 1950களில் அழுத்தம் தாங்கும் ஹோஸும் சீலும் வந்த பிறகு அந்த விவாதம் முடிந்தது.

அதே காலத்தில் எஞ்சின் வலுவை எண்ணெய் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரும், ஓடும்போதே கியர் மாற்றும் பவர்ஷிஃப்டும் வந்தன. கிளட்ச் மிதித்து கியர் மாற்றும் இடைவெளியில் வண்டி நின்றுபோவது ஒழிந்தது. மண் தள்ளுகிறவருக்கு இதுதான் பெரிய விடுதலை.

#7 மண்கரை

குழாய்வெட்டு சொல்வது சரி. ஹைட்ராலிக்கின் பங்கை நான் குறைக்கவில்லை. ஆனால் அளவு என்ற கேள்விக்கு வருவோம்.

1950களின் நடுவில் ஒரு போட்டி நடந்தது. 1947லேயே அல்லிஸ்-சால்மர்ஸ் எச்டி-19, இன்டர்நேஷனல் டிடி-24 ஆகிய இரண்டும் கேட்டர்பில்லர் டி8ஐ மிஞ்சிவிட்டன. அதற்கு விடையாக வந்தது டி9. தொடக்கத்தில் 286 குதிரைத்திறன். ஜெனரல் மோட்டார்ஸின் யூக்ளிட் பிரிவு வேறு வழியில் போனது. டிசி-12 என்ற அதன் வண்டியில் இரண்டு எஞ்சின், இரண்டு கியர்பெட்டி. ஒவ்வொரு செயினுக்கும் தனித்தனி. நடுவில் இரு பாதிகளும் தனித்தனியே மேலும் கீழும் அசையும்படி இணைப்பு. ஏன் இப்படி? ஒரே எஞ்சினில் அவ்வளவு வலுவை எடுத்து, இரண்டாகப் பிரித்து, திருப்பங்களிலும் சேதமின்றிச் செயினுக்கு அனுப்பும் பாகங்கள் அப்போது நம்பகமாக இல்லை. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

1960களில் கலிபோர்னியாவின் சான் லியாண்ட்ரோவில் இருந்த பீட்டர்சன் டிராக்டர் நிறுவனம் இரண்டு டி9ஜி வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஒரே ஓட்டுநரிடம் கொடுத்தது, மண்ணைச் சுரண்டி அள்ளும் பெரிய ஸ்கிரேப்பர் வண்டிகளைப் பின்னாலிருந்து தள்ள. பிறகு இரண்டையும் அக்கம்பக்கமாகப் பிணைத்து, முன்னால் 24 அடி அகலமுள்ள ஒற்றைப் பிளேடு. இரண்டும் சேர்ந்து 770 குதிரைத்திறன். கேட்டர்பில்லரே 1968, 1969இல் இவற்றைத் தன் விற்பனைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. பெரிய வண்டிக்குத் தேவை இருந்தது, எஞ்சினும் இருந்தது. ஒரே உடலில் தாங்கும் அடிப்பாகம் இல்லை. ஆகவே இரண்டு உடலைப் பிணைத்தார்கள்.

1970இல் அல்லிஸ்-சால்மர்ஸ் எச்டி-41, 524 குதிரைத்திறனோடு உற்பத்திக்கு வந்து சில ஆண்டுகள் முடிசூடியிருந்தது. முடிச்சை அவிழ்த்தது 1977இல் அறிமுகமான கேட்டர்பில்லர் டி10. 700 குதிரைத்திறன். ஆனால் அதைப் பார்த்தவர்கள் வியந்தது அதன் உருவத்தைக் கண்டு: ஸ்ப்ராக்கெட் தரையைவிட்டு மேலே ஏறியிருந்தது, செயின் முக்கோணமாகச் சுற்றியது.

பழைய நீள்வட்டச் செயினில் பின்பக்க ஸ்ப்ராக்கெட்டும், அதற்குள் இருந்து அதைச் சுழற்றும் ஃபைனல் டிரைவ் என்ற பல்சக்கரத் தொகுதியும் தரையோடு ஒட்டி இருக்கும். பாறைமேல் ஏறி இறங்கும் ஒவ்வோர் அதிர்ச்சியும் நேராகப் பல்சக்கரங்களுக்குப் போகும். சேறும் மணலும் சீலைத் தின்னும். மேலே ஏற்றியதும் அதிர்ச்சியை, கீழே எடையைத் தாங்கும் ரோலர்களும் முனைகளில் செயினைத் திருப்பும் ஐட்லர் சக்கரங்களும் வாங்கிக்கொண்டன. ரோலர்களையும் இணை இணையாக அசையும்படி தொங்கவிட்டதால், கரடுமுரடான பாறையில் செயின் படிந்து நின்றது. தரையில் படியும் செயின் கூடினால் பிடிப்பும் கூடும்.

#8 தங்கவயல்_ஃபிட்டர்

மண்கரை, முக்கோணத்தை முடிவான தீர்வு போல எழுதிவிட்டீர்கள். கோமாட்சு கடைசிவரை நீள்வட்டத்தை விடவில்லை என்பதை நினைவில் வையுங்கள். டி475 பெரிய வண்டிதானே? அது நீள்வட்டச் செயினில்தான் போகிறது. ரோலர்களை மட்டும் போகி என்ற அசையும் சட்டங்களில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

முக்கோணத்துக்குச் செயின் நீளம் கூடுதல், வளையும் இடமும் ஒன்று கூடுதல். வளையும் ஒவ்வோர் இடத்திலும் செயினின் பின், புஷ்ஷுக்குள் சுழல்கிறது. எங்களுக்குப் பிடித்தது வேறொன்று: முக்கோண வண்டியில் செயினைப் பிரிக்காமலே ஃபைனல் டிரைவைக் கழற்றலாம். கியர்பெட்டியையும் தனித் தொகுதியாக வெளியே இழுத்துவிடலாம். சுரங்கத்தில் வண்டி நிற்கிற நேரம்தான் பணம். அந்தக் கணக்கில் டி10 வென்றது.

மேலே ஏற்றிய ஸ்ப்ராக்கெட் 1977இல் பிறந்த யோசனையும் இல்லை. 1920களின் தொடக்கத்தில் கிளெட்ராக் எஃப் என்ற சிறிய டிராக்டரில் அது இருந்தது. தேவை வரும்வரை யோசனை காத்திருந்தது.

#9 ரிப்பர்முனை

நான் பல ஆண்டுகளாகச் சுரங்கத்தில் டோசர் ஓட்டுகிறேன். பிளேடைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள். பெரிய டோசர் தன் விலையைச் சம்பாதிப்பது பல இடங்களில், பின்னால் இருந்து தரையைக் கிழிக்கும் ரிப்பர் என்ற இரும்புக் கொம்பால்.

வெடி வைக்காமல் பாறையைக் கிழிக்க முடிந்தால் துளையிடும் செலவு, வெடிமருந்து, ஆட்களை அப்புறப்படுத்தும் நேரம் எல்லாம் மிச்சம். 1930களில் லெட்டூர்னோ இழுத்துச் செல்லும் ரிப்பர் செய்தார். அது தன் எடையில் மட்டும் இறங்கும். ஹைட்ராலிக் வந்த பிறகு வண்டியின் பின்பகுதியே தூக்கிக்கொள்ளும் அளவுக்கு ரிப்பரை அழுத்த முடிகிறது. ஒரு பாறை கிழியுமா என்று முன்கூட்டியே பார்க்க, தரையில் இரும்புத்தகடு வைத்துச் சம்மட்டியால் அடித்து அதிர்வு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளப்பார்கள். பெரிய டோசருக்கு வினாடிக்குச் சுமார் 2,000 மீட்டர் வரை பொதுவாகக் கிழியும், பாறையின் வகையைப் பொறுத்து இன்னும் கூடலாம். அதையும் வெகுவாகத் தாண்டினால் வெடிதான் வழி.

ஓட்டும்போது முதல் கியர்தான், எஞ்சின் முழுவீச்சில் இராது. ரிப்பர் முனை பாறையின் படுகை இடுக்கில் சிக்கியதும் இருக்கை வழியாக உடம்புக்கு ஓர் இழுவை தெரியும். அந்த நேரத்தில் செயின் வழுக்க விடக் கூடாது. வேகத்தைத் தணித்து, முனையைக் கொஞ்சம் உயர்த்தி, கோணத்தை மாற்ற வேண்டும். புதியவர்கள் முழுவீச்சில் போட்டுச் செயினைச் சுழலவிடுவார்கள். வழுக்கும் ஒவ்வொரு சுற்றும் செயின் தகட்டின் வரம்பைத் தேய்க்கிறது. ஃபிட்டர் ஐயா இதைப் படித்தால் தலையசைப்பார்.

தள்ளுவதிலும் ஒரு முறை உண்டு. ஒரே தடத்தில் திரும்பத் திரும்பத் தள்ளினால் இருபுறமும் மண்சுவர் எழும்பி வாய்க்கால் போல ஆகும். பிளேடிலிருந்து மண் ஓரமாகச் சிந்தாது. பிறகு நடுச்சுவரை உடைத்துத் தள்ளிவிடலாம். இறக்கமான நிலத்தில் இப்படி வேலை செய்தால் அதே வண்டி வழக்கத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாக மண்ணை நகர்த்தும். அந்த அளவு ஆதாயத்துக்கு அடுத்த மாடல் வண்டியை வாங்க எத்தனை கோடி ஆகும் என்று பாருங்கள்.

#10 பயிற்சி_ஆபரேட்டர்

அப்படியானால் உலகிலேயே பெரிய டோசர் எது? டி11 என்று ஒருவரும் கோமாட்சு என்று இன்னொருவரும் சொல்கிறார்கள்.

#11 மண்கரை

உற்பத்திக்கு வந்ததில் பெரியது கோமாட்சு டி575. 1981இல் டி555 என்ற பெயரில் மாதிரி காட்டினார்கள். உற்பத்திக்கு வர மேலும் பத்தாண்டு ஆயிற்று. பிந்தைய டி575ஏ-3 வண்டி 1,150 குதிரைத்திறன், 150 டன்னுக்கு மேல் எடை. மண் தள்ளுவதற்கென்றே அமைந்த வகையின் பிளேடு 69 கனமீட்டர் கொள்ளும். இப்போது அது உற்பத்தியில் இல்லை. டி11 சுமார் 104 டன், 850 குதிரைத்திறன். அதன் உற்பத்தி தொடர்கிறது.

சோவியத் நாட்டின் செல்யாபின்ஸ்க் ஆலை 1980களில் டி-800 என்ற 100 டன் வண்டியைச் செய்தது. எண்ணிக்கை மிகச் சில.

எல்லாவற்றையும் மிஞ்சியது இத்தாலியில் இருக்கிறது. வெனிஸுக்கு வடகிழக்கே போர்ட்டோகுருவாரோவில் உம்பெர்ட்டோ அக்கோ என்பவர் 1980களின் தொடக்கத்தில் லிபியாவின் நிலமேம்பாட்டுக்காகக் கட்டிய ஒற்றை வண்டி. 183 டன், இரண்டு கேட்டர்பில்லர் எஞ்சின்கள், 7 மீட்டர் அகலப் பிளேடு. லிபியாமீது வணிகத் தடை வந்தது; வண்டி கப்பலேறவே இல்லை. அவ்வளவு பெரிய இயந்திரம் தான் பிறந்த வேலையைச் செய்யவில்லை என்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

#12 காட்டுவழி

வருத்தம் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. டி575 வண்டிகளில் பல வேலை செய்தது எங்கே தெரியுமா? அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில், மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில். அங்கே மலையின் உச்சியை வெடித்துத் தகர்த்து, அந்த மண்ணைப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் தள்ளி, நிலக்கரியை எடுப்பார்கள். பள்ளத்தாக்கில் ஓடிய ஓடைகள் மண்ணுக்கடியில் போயின. 69 கனமீட்டர் பிளேடின் ஒவ்வொரு தள்ளலும் அதில் ஒரு பங்கு.

வியட்நாம் போரில் 1967 முதல் அமெரிக்கப் படை டி7 டோசர்களில் ரோம் பிளவ் என்ற கூரிய வெட்டுப்பிளேடைப் பூட்டி, காட்டைப் பரப்புப் பரப்பாக அழித்தது. வீடுகளை இடிக்கவும் இதே வண்டிதான் அனுப்பப்படுகிறது. பொறியியலை வியந்து பேசுங்கள், நானும் ரசித்துத்தான் படிக்கிறேன். ஆனால் இந்த வண்டியின் வரலாறு என்றால் இவையும் அதில் இருக்க வேண்டும்.

#13 பழைய_ஏடு

முழுமையாக உடன்படுகிறேன். 1943இல் பசிபிக்கின் டிரெஷரி தீவுகளில் ஆரேலியோ டசோனி என்ற கட்டுமானப் படைவீரர், டி8இன் பிளேடைக் கேடயமாகத் தூக்கிப்பிடித்து முன்னேறி, ஜப்பானியரின் பதுங்கரணை ஆட்களோடு மண்ணில் புதைத்தார். வீரச்செயலாக அவருக்குப் பதக்கம் தந்தார்கள். உள்ளே இருந்தவர்களை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

#14 குழாய்வெட்டு

அந்தப் பக்கத்தையும் எழுதியதற்கு நன்றி. அளவு ஏன் நின்றுபோனது என்ற கேள்விக்கு என் கணக்கைத் தருகிறேன்.

செயின் வண்டி தள்ளக்கூடிய விசை, அதன் எடையையும் தரைப்பிடிப்பையும் பெருக்கி வருவது. கெட்டியான மண்ணில் பிடிப்பு 0.9, தளர்ந்த மண்ணில் 0.6 என்று தொழிலில் வைத்துக்கொள்வார்கள். ரப்பர் டயருக்குக் கெட்டி மண்ணிலேயே 0.55தான். டி11ஐ எடுத்துக்கொண்டால் 104 டன்னில் 0.6 என்றால் தளர்மண்ணில் சுமார் 62 டன் விசை. 850 குதிரைத்திறனில் அந்த விசையோடு வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில்தான் போக முடியும். இழப்புகளைக் கழித்தால் அதுவும் குறையும். வண்டியின் முதல் கியர் வேகம் மணிக்கு ஏறத்தாழ 4 கிலோமீட்டர். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி நிற்பதைப் பாருங்கள். எடையைக் கூட்டாமல் எஞ்சினை மட்டும் இரட்டிப்பாக்கினால் செயின் வழுக்கும், அவ்வளவுதான். மண்கரையின் கட்சி இந்தக் கணக்கில் வென்றுவிடுகிறது.

எடையைக் கூட்டலாமே என்றால், வண்டியை எல்லாப் பக்கமும் இரட்டிப்பாக்கும்போது எடை எட்டு மடங்கு, தரையில் படியும் செயின் பரப்பு நான்கு மடங்குதான். தரை அழுத்தம் இரட்டிப்பாகும். ஹோல்ட் 1904இல் தப்பித்த அதே சேறு வழிமறிக்கும்.

அடுத்தது போக்குவரத்து. டோசர் தன் காலால் தொலைதூரம் நடக்கக் கூடாது, செயின் தேய்ந்துவிடும். டி11ஐயே பிளேடும் ரிப்பரும் கழற்றித்தான் டிரெய்லரில் ஏற்றுகிறார்கள். டி575ஐப் பாகம் பாகமாகப் பிரித்துப் பல லாரிகளில் கொண்டுபோய்க் களத்தில் பூட்ட வேண்டும். அவ்வளவு பெரிய ஒற்றை வண்டி பழுதானால் தள்ளும் வேலை முழுவதும் நிற்கும். இரண்டு டி11 இருந்தால் ஒன்றாவது ஓடும்.

#15 ரிப்பர்முனை

களத்தில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: மண் அள்ளும் பெருவேலை இப்போது வேறு இயந்திரங்களுக்குப் போய்விட்டது. நெய்வேலியில் 1957இல் முதல் சுரங்கப் பணி தொடங்கியது. இன்று அங்கே மேல்மண்ணை வெட்டுவது, சுழலும் பெருஞ்சக்கரத்தில் வாளிகள் கோத்த சக்கரவாளி இயந்திரங்கள், டோசர் அவற்றின் காலடித் தரையைச் சமன்செய்கிறது. மற்ற சுரங்கங்களில் பெரிய ஷவலும் டம்பரும். டோசருக்குக் குறுகிய தூரம்தான் லாபம், 100 மீட்டரைத் தாண்டினால் மற்ற முறைகள் முந்திவிடும். ஆக 150 டன் வண்டிக்கு வேலை தரும் இடங்கள் சில மட்டுமே.

#16 மண்கரை

ஆகவே வளர்ச்சி இப்போது வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. 2009இல் டி7இ என்ற வண்டியில் டீசல் எஞ்சின் மின்சாரம் ஆக்கும், மின்மோட்டார் செயினை ஓட்டும். 2019இல் டி6க்கும் அதே முறை வந்தது, 2024இல் டி11க்கும் அறிவித்தார்கள். கியர் மாற்றமே கிடையாது. நின்ற நிலையிலிருந்தே முழு இழுவிசை. பல சுரங்கங்களில் ஆபரேட்டர் அறைக்குள் இருந்து திரையைப் பார்த்து ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட டோசர்களை மேய்க்கிறார். சரிவில் உருளும் ஆபத்துள்ள வேலைக்கு இது மிகப் பெரிய நிம்மதி.

#17 பயிற்சி_ஆபரேட்டர்

எல்லோருக்கும் நன்றி. அடுத்த வாரம் முதல் பெரிய வண்டியில் உட்காரப்போகிறேன். ஃபிட்டர் ஐயா, காலையில் ஏறுவதற்கு முன் அடிப்பாகத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

#18 தங்கவயல்_ஃபிட்டர்

தம்பி, முதலில் ரோலர்களுக்கு நடுவே இறுகிய சேற்றை எடுத்துவிடு. காய்ந்துபோனால் ரோலர் சுழலாமல் நின்றுவிடும், ஒரு பக்கமாகத் தட்டையாகத் தேயும். ரோலர் முனைகளில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பார். வண்டி ஓடி நின்றதும் செயினில் உள்ள பின்களின் முனைகளை எட்டிப் பார். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அதற்குள் எண்ணெய் வற்றிவிட்டது. வெறுங்கையால் அழுத்தித் தொடாதே, சுட்டுவிடும்.

செயின் தொய்வை வேலை செய்யும் மண்ணிலேயே அளந்து பார். ஸ்ப்ராக்கெட்டில் சேறு அப்பிக்கொண்டால் செயின் தானாகவே இறுகும். பட்டறையில் சரியாக வைத்தது களத்தில் விறைத்து நிற்கும். விறைத்த செயின் தொய்ந்த செயினைவிட வேகமாகத் தேயும். இறுக்க வேண்டுமானால் அட்ஜஸ்டரில் கிரீஸ் அடிக்க வேண்டும். தளர்த்த, அதே இடத்து வால்வை ஒரு சுற்று மட்டும் திருப்ப வேண்டும், அதற்கு மேல் கூடாது. அந்த நேரத்தில் வால்வுக்கு நேரே முகத்தையோ கையையோ வைக்காதே. உள்ளே இருக்கும் கிரீஸின் அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகும். பக்கவாட்டில் நின்று செய்.